இரும்புக்கைக்குப் பின்னால் இருந்தவர்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



காமிக்ஸ் பற்றிப் பேச வேண்டும் என்று வாசகர் வட்டத்தார் கேட்டார்கள். காமிக்ஸ் என்றால் அது பெரிய கடல். அதனால் ஒரே ஒரு நாயகனைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். சிறு வயதில் கையில் எடுத்து இன்றுவரை நான் கீழே வைக்காத நாயகன். ஐம்பதைத் தாண்டியவர்கள் இந்நேரம் பெயரை ஊகித்திருப்பீர்கள். இரும்புக்கை மாயாவி.

இளையவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூயிஸ் கிராண்டேல் என்பவர் பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். விபத்தில் வலது கை போய்விடுகிறது. அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்துகிறார்கள். மறுபடி வேலைக்கு வருகிறார். இந்த முறை கருவி ஒன்று வெடித்து, உயர் அழுத்த மின்சாரம் அவர் மேல் பாய்கிறது. செத்திருக்க வேண்டிய மனிதர் சாகவில்லை, மறைந்துபோகிறார். உடம்பு முழுக்க மறைகிறது. இரும்புக் கை மட்டும் மறைய மாட்டேன் என்கிறது. அன்று முதல் மின்சாரம் பாயும்போதெல்லாம் அவர் மாயாவி. கொஞ்ச நேரம்தான். மின்சாரத்தின் வீரியம் தீர்ந்ததும் பழையபடி உருவம் தெரிய ஆரம்பித்துவிடும். மறுபடி மறைய வேண்டுமானால் மறுபடி மின்சாரத்தைத் தேடி ஓட வேண்டும்.

இந்தத் தொடர் 1962 அக்டோபரில் இங்கிலாந்தில் ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழ் பிறந்தபோதே அதில் தொடங்கியது. வெளியிட்டது ஃப்ளீட்வே நிறுவனம். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் ஸ்பைடர்மேனும் ஹல்க்கும் பிறந்தார்கள். மூவருக்குமே அறிவியல் கொடுத்த விபத்துதான் பிறப்பு. அணுவும் கதிரியக்கமும் உலகத்தின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கருக்குச் சக்தி வந்ததும் பெரியப்பாவின் மரணம் அவனை நல்ல வழிக்குத் திருப்பிவிட்டது. கிராண்டேலோ முதல் கதையிலேயே கெட்டுப்போகிறார். திருடுகிறார், ஊரை மிரட்டுகிறார், நியூயார்க் நகரத்தையே அழித்துவிடும் அளவுக்குப் போகிறார். கண்ணுக்குத் தெரியாதவனை யார் பிடிப்பார்கள் என்ற திமிர் அவருக்கு. சிறுவர் பத்திரிகையில் இதைத் துணிந்து எழுதியிருக்கிறார்கள். பிற்பாடு தெளிந்து, திருந்தி, ‘நிழற்படை’ என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறார். இரும்பு விரலுக்குள் துப்பாக்கி, வாயுக்குண்டு, வயர்லெஸ் என்று ஒவ்வொன்றாக ஏறுகிறது. நாம் தமிழில் அதிகம் படித்தது இந்த உளவாளி மாயாவியைத்தான்.

இத்தனை நாயகர்கள் இருக்க இவரிடம் ஏன் இவ்வளவு பிடிப்பு என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. அவருடைய சக்திக்கு இருக்கும் குறைதான் காரணம் என்பேன். சூப்பர்மேன் போலப் பறக்கும் நாயகனுக்கு ஆபத்து வர வேண்டுமானால் எழுத்தாளர் எங்கிருந்தாவது பச்சைக் கல்லைக் கொண்டுவர வேண்டும். மாயாவிக்கு ஆபத்து அவர் கூடவே வருகிறது. காவலாளிகள் நிறைந்த அறைக்குள் மறைந்து நுழைகிறார், கை தெரிகிறது. கையைத் திரைச்சீலைக்குப் பின்னாலோ மேசை மேல் கிடக்கும் பொருள்களுக்கு நடுவிலோ ஒளித்துவைக்க வேண்டும். அதற்குள் நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு மின் இணைப்பாவது இருக்கிறதா என்று படிக்கிற நமக்கே கண் தேடும். பெட்டியில் அடைத்துக் கடலுக்கு நடுவே கொண்டுபோனால்? காட்டுக்குள், மின்சாரமே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால்? இந்தக் கேள்விகளை வைத்தே கதை கதையாகப் பின்னினார்கள். விதி ஒன்றுதான், அதை மீறாமல் எத்தனை விதமாக விளையாடலாம் என்று காட்டினார்கள். நல்ல தொடருக்கு இது போதும்.

இனி ஓவியத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்றே வந்தேன்.

மறைந்துபோன மனிதனை எப்படி வரைவது? சினிமாக்காரர்களுக்கே இது சிக்கல். அவர்களுக்காவது அசைவும் ஒலியும் துணைக்கு உண்டு. ஓவியருக்கு வெள்ளைத் தாளும் கறுப்பு மையும்தான். மாயாவியின் தொடக்கக் கதைகளைக் கையில் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள். கட்டத்தில் இரும்புக் கை மட்டும் இருக்கும். மணிக்கட்டுக்குப் பின்னால் வெறும் சுவர். ஆனாலும் அங்கே ஆள் நிற்பது நமக்குத் தெரியும். அவர் குனிந்திருக்கிறாரா, நிமிர்ந்திருக்கிறாரா, அவசரத்தில் இருக்கிறாரா, தயங்குகிறாரா என்பதுகூடத் தெரியும். கை எந்த உயரத்தில் நிற்கிறது, விரல்கள் எவ்வளவு மடங்கியிருக்கின்றன, எதிரே இருப்பவனின் பார்வை எந்த இடத்தில் நிலைகுத்தி நிற்கிறது என்பதை வைத்தே இல்லாத உடம்பை நம் கண்ணுக்குள் வரைய வைத்துவிடுகிறார் ஓவியர். இரும்பும் வெறும் சாம்பல் நிறமாக இருக்காது. விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து விரல் மூட்டுகளில் வெள்ளைக் கீற்று விழும். அறை இருட்டாக இருந்தால் கையின் விளிம்பு மட்டும் மின்னும். இருட்டை அவர் சும்மா கறுப்படித்து நிரப்பியதில்லை. இருட்டுக்குள்ளும் நாற்காலியின் முதுகோ ஜன்னல் கம்பியோ மங்கலாகத் தெரியும்படி விட்டிருப்பார்.

இந்த ஓவியர் யார் என்று எங்களுக்குப் பல காலம் தெரியாது. புத்தகத்தில் பெயர் இல்லை. கதை எழுதியவர் பெயர் இல்லை. தமிழாக்கியவர் பெயரும் இல்லை. இன்றைய என் பேச்சின் விஷயமே இதுதான்.

மாயாவி தமிழுக்கு வந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1972இல் சிவகாசியிலிருந்து மு. சௌந்திரபாண்டியன் ‘முத்து காமிக்ஸ்’ தொடங்கினார். முதல் இதழின் தலைப்பே ‘இரும்புக்கை மாயாவி’. தொடக்க காலத்தில் ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். சிவகாசியில் காமிக்ஸ் பிறந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அச்சகம் வந்த பிறகு காலண்டர். இப்படிப் படம் அச்சடிப்பதில் கைதேர்ந்த ஊராகிவிட்டது அது. படக்கதைக்கு வேண்டிய இயந்திரமும் ஆட்களும் அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தார்கள்.

இங்கிலாந்து வார இதழில் வாரத்துக்கு இரண்டு பக்கம் அளவில் வந்த கதை நமக்கு முழுப் புத்தகமாக, கையடக்க அளவில் வந்தது. பெரிய பக்கத்துக்காக வரைந்த கட்டங்களைப் பிரித்துச் சின்னப் பக்கத்தில் அடுக்க வேண்டும். ஆங்கில வசனத்தை நீக்கிவிட்டுத் தமிழைப் பலூனுக்குள் அடக்க வேண்டும். தமிழ்ச் சொல் நீளம், பலூன் சிறிசு. இந்த வேலையைச் செய்தவர்களின் கைத்திறன் இல்லாவிட்டால் நமக்கு மாயாவி கிடையாது. வார இதழின் வாடையும் அந்தப் புத்தகங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. சில பக்கங்களுக்கு ஒருமுறை மாயாவி ஏதாவது ஆபத்தில் மாட்டுவார். பக்கத்தைப் புரட்டினால் தப்பிவிடுவார். அது ஏன் அப்படி என்று சிறுவர்களான எங்களுக்குத் தெரியாது. லண்டனில் ஒரு பையன் வாரம் முழுக்க நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்த இடத்தை நாங்கள் ஒரு நொடியில் தாண்டிப் போயிருக்கிறோம்.

ஆனால் எங்களுக்கும் காத்திருப்பு இருந்தது. எங்கள் ஊரில் வாடகை நூல்நிலையம் நடத்திய அண்ணாச்சியிடம் பள்ளிக்கூடம் விட்டதும் போய் நிற்போம்.

“அண்ணாச்சி, புது மாயாவி வந்துட்டா?”

“வந்துட்டுடே. ஆனா ஒரு பய கொண்டுபோயிருக்கான். நாளைக்கு வா.”

அந்த ‘ஒரு பய’ யார் என்று கண்டுபிடித்து அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, அவன் படிக்கப் படிக்கப் பக்கவாட்டில் எட்டிப் படித்தவர்கள் நாங்கள். கைமாறிக் கைமாறிப் புத்தகத்தின் கடைசித் தாள் கிழிந்துபோயிருக்கும். முடிவைச் சொல்வதற்கென்றே தெருவுக்கு ஒருவன் இருப்பான். அவன் சொன்ன முடிவுக்கும் பின்னாளில் மறுபதிப்பில் படித்த முடிவுக்கும் சில சமயம் சம்பந்தமே இருக்காது. ‘பாதாள நகரம்’, ‘பாம்புத் தீவு’, ‘நாச அலைகள்’, ‘உறைபனி மர்மம்’, ‘இயந்திரத் தலை மனிதர்கள்’ என்று தலைப்பைச் சொன்னாலே அட்டைப்படம் கண்முன் வருகிறவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். பெண்பிள்ளைகளும் படித்தார்கள். நூல்நிலையத்துக்கு அவர்கள் வருவது அபூர்வம் என்பதால் அண்ணன் தம்பி கொண்டுவந்ததைப் படித்தார்கள். காமிக்ஸ் வரலாறு பேசுகிறவர்கள் அவர்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

தீவிர ரசிகன் ஒரு கட்டத்தில் நோட்டுப் போட ஆரம்பிப்பான். நானும் போட்டேன். கோடு போட்ட பள்ளி நோட்டில் இதழ் எண், தலைப்பு, எதிரி யார், மாயாவி எங்கெங்கே மின்சாரம் பிடித்தார் என்று கட்டம் கட்டி எழுதினேன். கடைசிக் கட்டம் ஓவியத்துக்கு. பெயர் தெரியாததால் அதில் ‘அ’, ‘ஆ’ என்று குறித்தேன். ஏனென்றால் எல்லாப் புத்தகத்திலும் மாயாவி ஒரே மாதிரி இல்லை. சில புத்தகங்களில் தாடை வேறு, கை கனமில்லாமல் கையுறை போல இருக்கும், இருட்டு வெறும் கறுப்பாக இருக்கும். இது வேறு ஆள் வரைந்தது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். நண்பர்களுக்குள் தகராறே நடக்கும்: “இது ‘அ’ தான்.” “இல்லை, இது ‘ஆ’. காதைப் பார்.”

இதற்கான விடை பின்னாளில் இங்கிலாந்து ரசிகர்களின் ஆராய்ச்சியிலிருந்து கிடைத்தது. 1967இல் ஃப்ளீட்வே நிறுவனம் ‘சூப்பர் லைப்ரரி’ என்று சின்ன அளவில் முழுக்கதைப் புத்தகங்கள் போட்டது. அதில் மாயாவிக்கும், குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர் என்ற இன்னொரு நாயகனுக்கும் என்று தனி வரிசை இருந்தது. நமக்கு வேறு நாயகர்களான ஜானி நீரோவும் லாரன்ஸ்–டேவிட்டும் கிடைத்ததும் அந்த சூப்பர் லைப்ரரியிலிருந்துதான். அந்தப் புத்தகங்களை வார இதழின் ஓவியர் வரையவில்லை. வேறு பலர் வரைந்தார்கள். தமிழில் இரண்டு வகையும் கலந்து வந்ததால்தான் எங்கள் நோட்டில் ‘அ’வும் ‘ஆ’வும்.

‘அ’ யார்? ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919இல் பார்சிலோனாவில் பிறந்த ஸ்பானியர். பதினாறு வயதுக்குள் ‘குட்டோ’ என்ற சிறுவன் பாத்திரத்தைப் படைத்துத் தன் நாட்டில் பெயர் வாங்கியவர். உள்நாட்டுப் போரையும் அதற்குப் பிந்திய சர்வாதிகாரத்தையும் பார்த்த தலைமுறை. தம்பிகளும் தங்கையும் ஓவியர்கள். குடும்பமே கூடி உட்கார்ந்து வரைந்தது. ஸ்பெயினில் கிடைத்ததைவிட நல்ல கூலி இங்கிலாந்துப் பத்திரிகைகளில் கிடைத்ததால் அந்தக் காலத்து ஸ்பானிய ஓவியர்கள் பலர் லண்டனுக்காக வரைந்தார்கள். இப்படிப் பார்சிலோனாவில் வரைந்து, லண்டனில் அச்சாகி, சிவகாசி வழியாக எங்கள் தெருத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார் மாயாவி. பிளாஸ்கோ 1995இல் மறைந்தார். தாமிரபரணிக் கரையிலும் வைகைக் கரையிலும் தனக்கு இத்தனை ரசிகர்கள் இருப்பது அவர் காதுக்கு எட்டியிருக்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

முதலில் கதை எழுதியவர் கென்னத் பல்மர், அறிவியல் புனைகதை எழுத்தாளர். பிறகு நெடுங்காலம் எழுதியவர் டாம் டுல்லி. இங்கிலாந்துச் சிறுவர்கள் கொண்டாடிய ‘ராய் ஆஃப் தி ரோவர்ஸ்’ கால்பந்துக் கதைகளையும் எழுதியவர் இவர். ஸ்பைடர் விஷயத்தில் இன்னும் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் ‘லயன் காமிக்ஸ்’ தொடங்கினார். அதில் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடருக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி கூட்டம் சேர்ந்தது. ஸ்பைடரை 1965இல் உருவாக்கியவர் டெட் கோவன். சீக்கிரமே பேனா கைமாறியது. அதற்குப் பிறகு எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்! 1938இல் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வழக்கும் வறுமையுமாக அலைந்தவர். அந்தப் பெரும் படைப்பாளியைத் தமிழ்ப் பிள்ளைகள் பெயர் தெரியாமலே படித்துத் தள்ளியிருக்கிறோம்.

சீகலுக்கு அவர் பெயர் திரும்பக் கிடைத்த கதையையும் சொல்ல வேண்டும். 1975இல் சூப்பர்மேன் சினிமா வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது அவர் தன் குறையைப் பகிரங்கமாக எழுதினார். ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் களத்தில் இறங்கினார்கள். பத்திரிகைகள் எழுதின. கடைசியில் சூப்பர்மேன் உரிமையை வைத்திருந்த நிறுவனம் இறங்கிவந்து ஓய்வூதியம் கொடுத்தது; சீகல், அவரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த ஷுஸ்டர் இருவர் பெயரையும் சூப்பர்மேன் கதைகளில் மறுபடி அச்சிட்டது. இரண்டில் அவர்களுக்குப் பெரியது பெயர்தான் என்று நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் நிலைமை இதைவிட மோசம். சிறுவர் வார இதழ்களில் எழுத்தாளர், ஓவியர் பெயரைப் போடும் வழக்கமே இல்லை. வரைந்த தாள்கள் நிறுவனத்தின் சொத்து. ஓவியருக்குத் திருப்பித் தருவதில்லை. 1977இல் ‘2000 ஏடி’ இதழ் வந்த பிறகுதான் கதைக்குக் கதை படைப்பாளிகளின் பெயர் அச்சேறும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அதற்கு முந்திய பெயர்களை மீட்டவர்கள் பெரும்பாலும் ரசிகர்கள். டெனிஸ் கிஃபோர்ட் என்பவர் ஆயுள் முழுக்கச் சேகரித்து, நூறாண்டு பிரிட்டிஷ் காமிக்ஸ் இதழ்களின் பட்டியலை 1975இல் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

அமெரிக்காவில் ஜெர்ரி பெய்ல்ஸ் என்று ஒரு பேராசிரியர். சிறு வயதில் படித்த சூப்பர் ஹீரோ குழுவை மறுபடி கொண்டுவாருங்கள் என்று பதிப்பாசிரியருக்கு விடாமல் கடிதம் எழுதியவர். 1961இல் ‘ஆல்டர் ஈகோ’ என்ற ரசிகர் இதழைத் தானே தொடங்கினார். அதோடு விடவில்லை. பழைய காமிக்ஸில் எந்தக் கதையை யார் எழுதினார், யார் வரைந்தார் என்று உயிரோடிருந்த கலைஞர்களுக்கே எழுதிக் கேட்டு, தொகுதி தொகுதியாகப் பட்டியல் வெளியிட்டார். டொனால்ட் டக் கதைகளில் இன்னொரு நிகழ்ச்சி. எல்லாக் கதையிலும் டிஸ்னி பெயர்தான் இருக்கும். ஆனாலும் பிள்ளைகள் கோட்டைப் பார்த்தே ஒருவரைத் தனியாகக் கண்டுகொண்டு ‘நல்ல வாத்து ஓவியர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1960 வாக்கில் ரசிகர் சிலர் துருவித் துருவி அவர் பெயரைக் கண்டுபிடித்தார்கள்: கார்ல் பார்க்ஸ். அவர்களின் கடிதம் வந்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்றே பார்க்ஸ் முதலில் நினைத்தாராம். அத்தனை வருடம் அவருக்கு ரசிகர் கடிதம் என்று ஒன்று ஒழுங்காக வந்து சேர்ந்ததில்லை.

எங்கள் ‘அ’, ‘ஆ’ நோட்டும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். நாயகனைக் கொண்டாடுகிறவன் வாசகன். அதோடு நிற்காமல் அவனை ஆக்கிய கைகளையும் தேடிப் போகிறவனைத்தான் நான் ரசிகன் என்பேன்.

ரசிகர்களுக்குள் சண்டைகளும் உண்டு. மாயாவியில் பெரிய சண்டை, உடுப்பு சம்பந்தப்பட்டது. 1966இல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் வந்து உலகமே முகமூடிப் பித்துப் பிடித்து அலைந்த சமயத்தில், இங்கிலாந்தில் மாயாவிக்கும் சூப்பர் ஹீரோ உடுப்பு மாட்டிவிட்டார்கள். என் தீர்ப்பு, அது தேவையில்லாத வேலை. கோட்டும் சூட்டும் போட்டு யாரோ போலத் தெருவில் நடந்துபோகிற மனிதர் என்பதுதான் மாயாவியின் அழகு. கூட்டத்தில் ஒருவராக இருப்பவர், கையுறையைக் கழற்றும்போது வேறு ஆளாகிறார். முகமூடி போட்டுக்கொண்டு வந்து நிற்பவருக்கு மறைவதற்கு என்ன இருக்கிறது? நல்லவேளை, அந்தக் கட்டம் நீடிக்கவில்லை.

மறுபதிப்பு பற்றியும் சண்டை. பழைய மாயாவியையே எத்தனை முறை போடுவது, பெல்ஜிய, பிரெஞ்சு, இத்தாலியக் கதைகளுக்கு இடம் கொடுங்கள் என்று ஒரு சாரார். மாயாவி இல்லாத முத்து காமிக்ஸ் எதற்கு என்று இன்னொரு சாரார். நான் இரண்டு சந்தாவும் கட்டுகிறவன். அந்த வெளிநாட்டுக் கதைகளின் நாயகர்களான டைகரும் டெக்ஸ் வில்லரும் வந்ததால்தான் இந்தப் பதிப்பகம் உயிரோடிருக்கிறது. உயிரோடிருப்பதால்தான் மாயாவிக்கு மறுபதிப்பு. இதில் எஸ். விஜயன் செய்த ஒரு காரியத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ‘சிங்கத்தின் சிறுவயதில்’ என்ற தொடரில் தன் தொழில் அனுபவத்தை இதழிலேயே எழுதினார். உரிமை வாங்கியது, அச்சடித்தது, சறுக்கியது எல்லாம் அதில் உண்டு. தமிழ்ப் பதிப்பாளர்கள் பலர் எழுதாமல் விட்டுப்போன வகை வரலாறு அது.

இப்போது என் கவலைக்கு வருகிறேன்.

1972இல் அச்சான காகிதத்துக்கு 50 வயது தாண்டிவிட்டது. அந்தக் காலத்து மலிவுக் காகிதம் மரக்கூழில் செய்தது. அதற்குள்ளேயே அமிலம் இருக்கிறது. வெயிலும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, பழுப்பாகி, மடித்த இடத்தில் ஒடிந்துவிடும். ஸ்டேப்ளர் ஊசி துருப்பிடித்து நடுத்தாளைத் தின்னும். நம் வீடுகளில் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போனது போக மிஞ்சியவை கொஞ்சம். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் தேடியவர்களுக்குத் தெரியும், 1985இல் அது எரிந்தபோது என்னென்ன போயிற்று என்று. பொது நூலகங்கள் காமிக்ஸைப் புத்தகமாகவே மதித்ததில்லை. பதிவேட்டில் ஏற்றாததால் தொலைந்தால் கேட்கவும் ஆளில்லை. வாடகை நூல்நிலையங்களில் ஐந்தாறு இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்தபோது அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். இன்று பல இதழ்களுக்கு உள்பக்கம் இருக்கிறது, அட்டை இல்லை. இதழ் எண்ணும் விலையும் அந்த அட்டையோடு போய்விட்டன.

இன்னொரு பக்கம், பழைய இதழைப் பெரும் விலைக்கு வாங்கி, யார் கண்ணிலும் காட்டாமல் பீரோவில் பூட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அதை நான் ரசிகத்தனம் என்று ஒப்ப மாட்டேன். படிக்கக் கொடுக்கவும் வேண்டாம். அட்டையையும் முதல் பக்கத்தையும் படம் எடுக்கவாவது அனுமதிக்கலாம் அல்லவா?

வழி காட்டியவர் நம்மிடமே இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தார். கண்ணில் பட்ட தமிழ் அச்சு எல்லாவற்றையும் சேர்த்தார். நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ்கூட. 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து அந்தச் சேகரிப்பைக் காப்பாற்றியது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் அங்கே போகாமல் எழுத முடியாது. பட்டம் பெற்றவர்கள் சேர்க்கத் தகுதியற்றது என்று ஒதுக்கியதை ஒரு தனிமனிதர் சேர்த்தார்.

இங்கிலாந்தில் மாயாவியின் நிலைமை தேறிவிட்டது. 2005இல் டைட்டன் பதிப்பகம் தொடக்கக் கதைகளைக் கெட்டி அட்டைத் தொகுப்பாக வெளியிட்டது. அதே சமயத்தில் காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர் கதைச்சுருக்கம் அமைக்க, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’ என்ற தொடரில் பழைய பிரிட்டிஷ் நாயகர்களோடு மாயாவியும் மறுபடி வந்தார். ஃப்ளீட்வேயின் பழைய சொத்தை வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம் 2021இலும் ஒரு தொகுப்பு போட்டது. பெயர்கள் அச்சாகின்றன. பல்மர், டுல்லி, பிளாஸ்கோ மூவருக்கும் அவர்களுக்குரிய இடம் கிடைத்துவிட்டது.

நம் பக்கத்துப் பெயர்கள்தான் பாக்கி. 1970களில் மாயாவியைத் தமிழில் பேச வைத்தவர்கள் யார் யார்? அட்டைப்படங்களை வரைந்த சிவகாசி ஓவியர்கள் யார்? சின்னப் பக்கத்துக்குக் கட்டங்களை வெட்டி ஒட்டி, விட்டுப்போன மூலைகளை மையால் நிரப்பியவர்கள் யார்? பலூனுக்குள் எழுத்தைப் பொருத்தியவர்கள் யார்? அவர்களில் இன்று இருப்பவர்களுக்கு எழுபது, எண்பது வயது. சாத்தூரிலோ திருத்தங்கலிலோ பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள். கேட்டால் சொல்வார்கள். இதுவரை உட்கார்ந்து கேட்டு எழுதியவர்கள் மிகச் சிலர்.

ஆகவே இந்த அவையில் உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பழைய முத்து, லயன், ராணி காமிக்ஸ் எதுவாக இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில வருடத்தில் தாளில் ஊறி மஞ்சள் கறையாகிவிடும். லேமினேஷன் செய்யாதீர்கள். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் நேராக நிறுத்தி வையுங்கள். அட்டை இல்லாத புத்தகத்தையும் வையுங்கள். அதன் அட்டை வேறொருவர் வீட்டில் இருக்கும். அச்சகத்தில் வேலை பார்த்த உறவினர் யாராவது இருந்தால் அவர் சொல்வதை எழுதி, தேதி போட்டு, அவர் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதி வையுங்கள். சிறு வயதில் போட்ட நோட்டு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். இந்த நூலகத்தில் காமிக்ஸுக்கென்று தனிப் பதிவேடு திறக்க நூலகர் ஐயா ஒப்புக்கொண்டிருக்கிறார். புத்தகத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று இல்லை. கொண்டுவந்து காட்டினால் அட்டையையும் விவரங்களையும் பதிவு செய்துகொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம்.